பழைய ரேடியோ ஏரியலில் இருந்து ஒரு ராடார் மாஸ்ட்

ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை முதன்முதலில் விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் பார்த்தபோது, உள்ளே போய்வந்த எல்லாரும் டார்பிடோ குழாய்களையும் அடுக்கடுக்கான படுக்கைகளையும் பற்றியே பேசிக்கொண்டு இறங்கினார்கள். நான் வெளியே மணலில் நின்று நடுக்கோபுரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிஸ்கோப், காற்றிழுக்கும் ஸ்நார்கெல், ரேடியோ ஏரியல், ராடார் எல்லாம் அந்தக் கோபுரத்துக்குள்ளிருந்துதான் மேலே வரும். படகு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே இருக்கும் உலகத்தோடு அதற்கு உள்ள தொடர்பு அந்த நாலைந்து கம்பங்கள்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை மாடலாகச் செய்தால் அந்தக் கம்பங்களைச் சரியாகச் செய்ய வேண்டும், அதிலும் ராடாரை.

எங்கள் ஊர் சூலூர்ப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் சொல்வார்கள், ஆனால் கோவை ரெட்ஃபீல்ட்ஸில் ஐஎன்எஸ் அக்ரணி என்று கடற்படையின் பயிற்சி நிலையமே இருக்கிறது. நான் பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீர், அழுத்தம், கசிவு இதெல்லாம் தினப்படி பார்க்கிற விஷயம்.

குர்சுரா சோவியத் யூனியனில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை. 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, 2002-இல் அருங்காட்சியகமானது. நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். இந்த 7.5 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அளவு விகிதம் கிடைத்துவிட்டது. தோட்டத்தில் சொட்டுநீருக்கு மெயின் லைன் போடுகிற பிவிசி பைப் 75 மி.மீ. வெளிவிட்டம். அப்படியென்றால் 1:100. நிஜத்தில் ஒரு மீட்டர், மாடலில் ஒரு சென்டிமீட்டர். எந்தக் கணக்கும் மனதிலேயே போட்டுவிடலாம், மாடல் 91 சென்டிமீட்டர் நீளத்தில் நிற்கும். உடம்பு செய்த கதையை இங்கே சொல்லப்போவதில்லை, பைப்பைச் சூடாக்கி முன்னும் பின்னும் கூர்மையாக்கினேன், பட்டி வைத்துத் தேய்த்தேன், ஆறு வாரம் ஆனது. ராடார் மாஸ்ட், அதாவது ராடாரைத் தாங்கும் கம்பம், அது ஒன்றுக்கு மட்டும் நாலு மாதம்.

முதலில் படம். இதில் நான் ஒரு முறை தவறு செய்து, இரண்டாவது முறை ரயில் ஏறிப் போய்த் திருத்தினேன். முதல் தடவை படகின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்த படங்களை வைத்து அளவெடுத்தால் மேலே போகப்போக எல்லாம் சுருங்கியிருந்தது. கீழிருந்து எடுக்கும் படத்தில் கம்பத்தின் உயரம் குறைவாகவும் அடிப்பாகம் தடிமனாகவும்தான் தெரியும். இரண்டாவது தடவை சாலைக்கு அந்தப் பக்கம், டியு-142 விமானத்தை வைத்திருக்கும் பக்கமாகப் போய், முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் போட்டுப் பக்கவாட்டில் எடுத்தேன். தூரம் கூடக்கூட இந்தச் சுருக்கம் குறைகிறது. ஏறிப்போகும் படிக்கட்டின் கைப்பிடி உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு, அதே படத்தில் அதுவும் விழும்படி பார்த்துக்கொண்டேன். வீட்டில் வந்து கைப்பிடி எத்தனை புள்ளி, மாஸ்ட் எத்தனை புள்ளி என்று விகிதம் போட்டால் அளவு வந்துவிடும். இதைச் செய்ய நினைப்பவர்கள் கேமராவை எடுக்கும் முன்பே டேப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு கிடைத்தவுடன் நான் வேலையைத் தொடங்கிவிடவில்லை. இந்தக் கம்பத்தில் எந்தத் துண்டு எதற்காக இருக்கிறது என்று புரியாமல் செய்தால் கை எங்கேயாவது தவறான இடத்தில் தடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. பம்பில் இம்பெல்லரின் இறக்கை ஏன் வளைந்திருக்கிறது என்று தெரியாதவன் அதைச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதனால் இரண்டு வாரம் ராடாரையே படித்தேன்.

இந்த வகைப் படகில் இருந்த ராடாருக்கு நேட்டோ நாடுகள் வைத்த பெயர் ஸ்னூப் ட்ரே. ட்ரே என்றால் தாம்பாளம்தானே, பெயரே தலைப்பகுதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறது. அது வேலை செய்யும் அலைவரிசையில் அலையின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். தலையில் இருக்கும் தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அது அனுப்பும் அலைக்கற்றை அந்தத் திசையில் ஒடுங்கும். 3 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தட்டு என்றால் கற்றையின் அகலம் ஏறக்குறைய இரண்டு டிகிரி. உயரவாட்டில் ஒடுங்க வேண்டியதில்லை, ஏனென்றால் படகு அலையில் ஆடும், கற்றை மேலும் கீழும் கொஞ்சம் விரிந்திருந்தால்தான் ஆடும்போதும் எதிரிலிருக்கும் கப்பல் மீது படும். அதனால்தான் தட்டு அகலத்தில் பெரிதாகவும் உயரத்தில் குட்டையாகவும் இருக்கிறது. முன்னால் ஒரு சின்னக் கொம்பு, அதிலிருந்து அலை தட்டில் பட்டுத் திரும்பி நேர்க்கற்றையாகப் போகும். கொம்பு வரைக்கும் அலையைக் கொண்டுவருவது ஒயர் இல்லை, உள்ளே காலியாக இருக்கும் நீள்சதுரக் குழாய். 3 சென்டிமீட்டர் அலைக்கு வழக்கமான குழாயின் உள்ளளவு ஏறக்குறைய 23 மி.மீ. க்கு 10 மி.மீ. இதை நூறில் ஒன்றாக்கினால் தலைமுடியைப் போலத்தான் வரும். அதை நான் கம்பியைத் தட்டித் தட்டையாக்கிச் செய்தேன், பின்னால் சொல்கிறேன்.

கடல்நீருக்குள் இந்த அலை போகாது. அதனால் தலை தண்ணீருக்கு மேல் வந்தே ஆக வேண்டும். வந்தாலும் உயரம் குறைவுதான். தண்ணீர் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஒரு ராடார் இருந்தால் அதன் அடிவானம் சுமார் 8 கிலோமீட்டர். எதிரே உயரமான கப்பல் என்றால் அதன் உயரத்துக்கேற்ப இன்னும் கொஞ்சம் தள்ளித் தெரியும், அவ்வளவுதான். அதே நேரம் இந்த ராடார் அனுப்பும் அலையை எதிராளி இதைவிட அதிகத் தூரத்திலிருந்து பிடித்துவிடுவான். எனவே ஏற்று, ஒரு சுற்றுப் பார், இறக்கு. இறங்கி ஏறுகிற கம்பம் என்பதால் வழுக்கும் பகுதி பளபளவென்று இருக்க வேண்டும், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் கிழியக் கூடாது. இந்த ஒரு விஷயம் தெரிந்ததால்தான் கடைசியில் பெயின்ட் அடிக்கும்போது அடிப்பாகத்தை வெறும் உலோகமாகவே விட்டேன். மாடல் படங்களில் முழுக் கம்பத்தையும் சாம்பல் அடித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

சரி, சாமான்களுக்கு வருவோம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய பித்தளைக் குழாய் வேண்டும். மாடல்காரர்களுக்கென்று விற்பதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் குழாய் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ரேடியோ ஏரியல்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன, இழுத்தால் நீளுமே அந்த ஏரியல். அதைப் பிரித்தால் 6, 5, 4, 3, 2 மி.மீ. என்று வரிசையாகக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், பக்கச்சுவர் மெல்லியது. நான் 4 மி.மீ. குழாயை நிலையான உறையாகவும் 3 மி.மீ. குழாயை ஏறி இறங்கும் கம்பமாகவும் எடுத்துக்கொண்டேன். மேலே பூசியிருக்கும் குரோமியத்தைப் பற்றவைக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டு மஞ்சள் தெரியும் வரை சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் உருண்டு ஓடிவிடும். வழுக்கும் பகுதியில் அந்தக் குரோமியத்தை அப்படியே விட்டுவிட்டேன், நிஜத்தில் பளபளப்பாக இருக்க வேண்டிய இடம் அதுதானே.

கழுத்துக்கு ஊசி. மெடிக்கல் கடையில் புதிய ஊசியாகக் கேட்டு வாங்குங்கள், பயன்படுத்தியதைத் தொடவே வேண்டாம். இளஞ்சிவப்பு அடி உள்ள 18 நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மி.மீ., உள்விட்டம் 0.84. பச்சை அடி உள்ள 21 நம்பரின் வெளிவிட்டம் 0.82. பச்சை ஊசி இளஞ்சிவப்புக்குள் போய் ஆடாமல் சுற்றும். லேத்தில் கூட இவ்வளவு சின்ன அளவில் இந்தப் பொருத்தத்தை எடுப்பது கஷ்டம். 18 நம்பர் கழுத்தாக நிற்க, 21 நம்பர் தலையோடு சேர்ந்து உள்ளே சுழலும். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும், மெல்லிய கட்டிங் டிஸ்க் வைத்துச் சுற்றிச் சுற்றி அறுத்துவிட்டு, உள்ளே சின்ன ஊசியை விட்டுப் பிசிறை எடுக்க வேண்டும். கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கம்பத்தின் தலையில் உட்காரும் வட்டத் தட்டையும் அதற்குமேல் கூம்பு மாதிரி ஒடுங்கும் துண்டையும் கோவை கணபதியில் தெரிந்த லேத்து பட்டறையில் பித்தளை ராடில் கடைந்து வாங்கினேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன், "ஏனுங்க, இத்துனூண்டு சாமானுக்குப் படம் இத்தாப்பெருசா?" என்றார். பத்து மடங்கு பெரிதாக வரைந்து கொண்டுபோனதால்தான் அவருக்கு எங்கே எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்காமலே புரிந்தது.

நான் மாட்டிக்கொண்டது பற்றவைப்பில்தான். முதல் தலையை எல்லாம் ஒரே ஈயத்தில் சாதாரண சால்டரிங் அயர்னில் வைத்தேன். மூன்றாவது இணைப்பை வைக்கும்போது முதல் இணைப்பு இளகிச் சாய்ந்தது. அதைச் சரி செய்தால் இரண்டாவது கழன்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. என் மனைவியின் ஊர்க்காரர், நாற்பது வருஷமாக நகை வேலை செய்கிற பெரியவர் ஒருவர், கோவை நகைப் பட்டறைகளில் இருந்துவிட்டு இப்போது வீட்டிலேயே சின்னச் சின்ன வேலை பார்க்கிறார். அவரிடம் போய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே சூடு வெச்சா எப்படிங் கண்ணு நிக்கும்? பெரிய சூட்டு வேலைய மொதல்ல முடிச்சுப்போடோணும். அப்பறம் நடுச் சூடு. கடைசில இளஞ்சூடு. முன்னால வெச்சது அசையாது."

"மூணு விதமான பற்றாசு வேணுமாங்கய்யா?"

"வேணும் சாமி. ஒரு தாலிக்கொடிய பத்தவெக்கறதுக்கே நாங்க ரெண்டு மூணு தினுசு வெச்சிருப்போம்."

பித்தளைக்குப் பித்தளை சேருகிற இடங்களை, அதாவது வட்டத் தட்டும் கூம்பும் 3 மி.மீ. குழாயும் சேரும் இடத்தை, வெள்ளிப் பற்றாசில் அவரே வைத்துக் கொடுத்தார். வெங்காரத்தைக் கல்லில் உரசித் தடவி, கரித்துண்டு மேல் நிறுத்தி, ஊதுகுழலில் ஊதினார். அது 700 டிகிரிக்குப் பக்கத்தில் உருகுகிற பற்றாசு. ஒரு நொடி ஒளிர்ந்து கோடு மாதிரி ஓடி நின்றது, நான் அரத்தைத் தொடவே தேவைப்படவில்லை. ஆனால் ஊசியில் அவருடைய வெங்காரமும் பிடிக்கவில்லை. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலின் மேல் இருக்கும் குரோமிய ஆக்சைடு படலத்தை வெங்காரத்தால் கரைக்க முடியாது. இரண்டு முறை கறுத்துப் போனது. அதை நான் வீட்டில் 63/37 ஈயத்தில் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), ஸ்டீலுக்கென்று விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் தடவி வைத்தேன். அது 183 டிகிரியில் உருகும், வெள்ளி இணைப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆசிட் ஃப்ளக்ஸ் போட்டால் உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் அடுத்த வாரமே பச்சை பூத்துவிடும், மூடின அறையில் அந்தப் புகையை முகரவும் கூடாது. கடைசியாகத் தட்டைக் கழுத்தில் வைப்பதற்கு மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் பிஸ்மத் கலந்த பேஸ்ட், 138 டிகிரி. எழுநூறு, நூற்றெண்பத்து மூன்று, நூற்று முப்பத்தெட்டு. இந்த வரிசையில் போனபிறகு எதுவும் கழலவில்லை.

இனித் தட்டு. 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் 11 மி.மீ. க்கு 4 மி.மீ. வெட்டினேன். நிஜத்தில் வளைவு பரவளையம். ஆனால் இந்த அளவில் நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் பரவளையத்துக்கும் வட்டவில்லுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது, வட்டத்தின் ஆரம் குவியத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். கொம்பு தட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், எனவே ஆரம் 10, அதாவது 20 மி.மீ. ராடு மேல் வைத்து வளைக்க வேண்டும். பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பும் என்பதால் 18 மி.மீ. ராடில் வளைத்தேன், சரியாக 20-இல் வந்து நின்றது. வளைக்கும் முன் தகட்டை மங்கலாகச் சிவக்கும் வரை காய்ச்சி ஆறவிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வளைவு ஒரே சீராக வராது.

தட்டின் முதுகில் விறைப்புக்காகச் செங்குத்தாக ஒன்பது கம்பிகள் வைத்தேன். கம்பி, மோட்டார் வைண்டிங் செய்யும் 30 கேஜ் செம்புக்கம்பி, 0.315 மி.மீ., மேல் வார்னிஷைச் சுரண்டிவிட்டு. ஒன்பதையும் ஒரே இடைவெளியில் வைப்பதுதான் பிரச்சினை. அரை மி.மீ. தப்பினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் என் மச்சான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கழித்துப்போட்ட ரீடு ஒன்று கண்ணில் பட்டது, பாவு நூலை வரிசை பிரித்து நிறுத்துமே அந்த அச்சு. அங்குலத்துக்கு இருபது பல், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 1.27 மி.மீ. ஒன்பது கம்பிக்கு எட்டு இடைவெளி, 10.2 மி.மீ. என் 11 மி.மீ. தட்டுக்கு அளந்து செய்த மாதிரி. இரண்டு அங்குலத் துண்டு வெட்டி வாங்கிவந்து, பல் இடுக்குகளில் கம்பிகளைப் படுக்கவைத்து, தகட்டை அதன் மேல் அழுத்திக் கிளிப் போட்டு, ஓரங்களில் 183 ஈயத்தால் பிடிக்கவைத்தேன். ரீடின் பல் ஸ்டீல் என்பதால் சாதாரண ரோசின் ஃப்ளக்ஸுக்கு ஈயம் அதில் ஒட்டவில்லை. தகட்டைக் காய்ச்சி ஆறவிட்ட பிறகு, வளைப்பதற்கு முன்னால், தகடு தட்டையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கம்பிகள் வளைவின் அச்சுக்கு இணையாக இருப்பதால் பின்னால் வளைக்கும்போது அவை தொந்தரவு செய்யாது.

அலைக்குழாய்க்கு அதே வைண்டிங் கம்பியைப் பட்டடைக்கல் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, சாமணத்தால் வளைத்துக் கொம்பு வரைக்கும் கொண்டுபோனேன். கொம்பு, தகட்டை மடித்த ஒரு சின்னக் கூம்புப் பெட்டி, இரண்டு மி.மீ. கூட இல்லை. ஆறு செய்தேன், ஒன்று தேறியது.

எல்லாம் சேர்ந்ததும் புளித்தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன், வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு துலக்குவது போலத்தான். பெயின்ட் பிடிப்பதற்கு இதைவிட நல்ல சுத்தம் எனக்குத் தெரியவில்லை. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, கையால் தொடாமல் எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தில் பெயின்ட் பிடிக்க அடிக்கும் முதல் பூச்சு.

இந்தத் தலைக்கு முந்தினது ஒன்று உண்டு, அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். குழாய் எண்ணம் வருவதற்கு முன்னால் கம்பம் முழுவதையும் கெட்டிப் பித்தளை ராடில் செய்திருந்தேன், நகைத் தராசில் 8 கிராம். பொள்ளாச்சிப் பக்கம் பெரியப்பா தோட்டத்துத் தொட்டியில் படகை மூழ்கவிட்டு மேலே எடுத்தால், கோபுரம் வெளியே வரும் கணத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. 8 கிராம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது படகின் நடுக்கோட்டிலிருந்து 11 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. எட்டுக்குப் பதினொன்று 88. அடியில் ஈயம் வைத்திருப்பது நடுக்கோட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே. ஆக மேலே இருக்கும் 8 கிராமைச் சமன் செய்யக் கீழே 30 கிராம் ஈயம் கூட்ட வேண்டும், அந்த எடைக்கு மிதப்பு வேறு கூட்ட வேண்டும். அதோடு கோபுரத்துக்குள் நுழைந்த தண்ணீர் வெளியேற நான் வைத்திருந்த ஓட்டைகள் சின்னவை. படகு மேலே வரும்போது கோபுரம் நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தது, அதுவும் தலைப்பாரம்தான். ஓட்டைகளைப் பெரிதாக்கி, கம்பத்தை ஏரியல் குழாய்க்கு மாற்றியதும் மாஸ்ட் 3 கிராமுக்குக் கீழே வந்தது. மற்ற மாஸ்ட்களையும் குழாயிலேயே செய்துவிட்டேன். இப்போது சாய்வதில்லை.

தொட்டியில் தென்னை ஓலையோ தேங்காய் மட்டையோ மிதந்துகொண்டுதான் இருக்கும். அதில் மாஸ்ட் மாட்டினால் நாலு மாத வேலை ஒரு நொடியில் போய்விடும். அதனால் 4 மி.மீ. உறைக்குள் கம்பத்தை ஒட்டவில்லை, அடியில் ஒரு துண்டு சிலிகான் டியூபைப் போட்டு இறுக்கமாகச் செருகி மட்டும் வைத்திருக்கிறேன். இடித்தால் கழன்று வரும், தொலையாமல் இருக்க மெல்லிய தூண்டில் நரம்பு ஒன்று உள்ளே கட்டியிருக்கிறது. இதுவரை இரண்டு தடவை இடித்திருக்கிறது, இரண்டு தடவையும் கழன்று தொங்கியது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் நகைக்காரப் பெரியவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். படகு மூழ்கியதும் தொட்டி விளிம்பில் கைவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ராடார் தலைதான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது, அப்புறம் கோபுரம். "அந்தா, நம்ம பத்தவெச்சது" என்று பெரியப்பாவிடம் விரலை நீட்டிக் காட்டினார். அடுத்ததாக ஸ்நார்கெலின் தலை செய்ய வேண்டும், அதில் பற்றவைக்க ஏழு இடங்கள் இருக்கின்றன. வரைபடத்தை அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.